காலரின் மையம்: ஸ்ரீரங்கத்து வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. ஸ்ரீரங்கத்துப் பழைய வீட்டிலிருந்து இறக்கிய தேக்கு உத்தரங்களை அறுத்துப் பலகையாக்கி, பூஜை அலமாரிக்கு இழுப்பறைகள் செய்யத் தொடங்கியிருக்கிறீர்கள். மூலைகளுக்கு ஆணி வேண்டாம், புறா வால் வடிவப் பற்கள் கோத்துக்கொள்ளும் டவ்டெயில் மூட்டுத்தான் வேண்டும் என்று, வெட்டுக்கு வழிகாட்டும் விரல்கள் கொண்ட ஜிக் வாங்கி, ரூட்டரில் காலர் மாட்டி, வெட்டியும் பார்த்துவிட்டீர்கள். ஆனால் ஒரே மூலையில் ஒரு வால் கொட்டாப்புளியால் தட்டினாலும் இறங்க மறுக்கிறது. பக்கத்து வால் கையால் அசைத்தாலே ஆடுகிறது. ரூட்டரில் சுழன்று வெட்டும் பிட்டைப் புதிதாக வாங்கிப் போட்டும் சரியாகவில்லை, ஜிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து வருவதால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே பதில் எழுதுகிறேன்.

ஜிக்கைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் படங்களிலேயே விடை இருக்கிறது. பிட்டின் ஆழம் தவறாக இருந்திருந்தால் எல்லா வால்களும் ஒரே மாதிரி இறுகியிருக்கும், அல்லது எல்லாமே ஒரே மாதிரி தளர்ந்திருக்கும். உங்களுக்கு ஒன்று இறுக்கமாகவும் அடுத்தது தளர்வாகவும் வருகிறது. இப்படி மாறி மாறி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காலரைத்தான். காலரின் மையமும் பிட் சுழலும் மையமும் ஒன்றாக இல்லை. வெட்டும்போது ரூட்டரும் உங்கள் கையில் திரும்பிக்கொண்டே போயிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இந்தத் தொல்லைதான் வரும்.

காலர் செய்யும் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். ரூட்டரின் அடித்தட்டில், பிட் வெளியே வரும் துளையைச் சுற்றி மாட்டப்படும் சிறு உலோகக் குழல் அது. கடையில் கைடு புஷ் என்றும் டெம்ப்ளேட் கைடு என்றும் கேட்டால் கொடுப்பார்கள். ஜிக்கின் விரல்களை உரசிக்கொண்டு போவது காலரின் வெளிப்பக்கம். மரத்தை வெட்டுவது அதன் நடுவில் சுழலும் பிட். ஆகவே விரல் எங்கே இருக்கிறது என்ற செய்தியைப் பிட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது காலர் ஒன்றே. அது நடுவில் உட்கார்ந்திருந்தால், எந்தப் பக்கம் உரசினாலும் விரலுக்கும் வெட்டுக்கும் இடையே ஒரே தூரம் இருக்கும். மையம் 0.2 மி.மீ. விலகியிருந்தால், ஒரு பக்கம் 0.2 கூடும், எதிர்ப்பக்கம் 0.2 குறையும். ரூட்டரை அரை வட்டம் திருப்பிவிட்டால் வெட்டு 0.4 மி.மீ. நகர்ந்துவிடும். சாதாரண வெள்ளைத்தாள் ஒன்றின் கனம் சுமார் 0.1 மி.மீ.; அப்படியென்றால் நான்கு தாள் செருகும் இடைவெளி. மூட்டு ஆடுவதற்கு அதில் பாதியே போதும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ரூட்டரை முதலிலிருந்து கடைசிவரை ஒரே திசையில் பிடித்திருந்தால், மையம் சிறிது விலகியிருந்தாலும் வெட்டின் அகலம் மாறாது. இடது விரலைத் தொடும்போது எவ்வளவு கூடுகிறதோ, வலது விரலைத் தொடும்போது அவ்வளவு குறைந்து சரியாகிவிடும். வெட்டுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே பக்கமாகத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். உங்கள் ஜிக்கில் வால் பலகையும் குழிப் பலகையும் ஒன்றாகவே பிடிக்கப்பட்டு ஒரே ஓட்டத்தில் வெட்டப்படுவதால், இரண்டும் சேர்ந்தே நகரும், மூட்டு பொருந்திவிடும். ஆகவே இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று: அடித்தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு எப்போதும் உங்கள் வயிற்றைப் பார்த்தபடியே இருக்கட்டும். கைப்பிடிகளைச் சுழற்றாமல், உடம்பை நகர்த்தி ரூட்டரைக் கொண்டுபோங்கள். இதைச் செய்தாலே பாதி வித்தியாசம் தெரியும்.

ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. களைத்த கை திரும்பத்தான் செய்யும். நாளைக்கு நீங்கள் இருபுறமும் தெரியும் முழு டவ்டெயில் செய்தால், வாலுக்கு ஒரு பிட், அதன் இடைக்கட்டைக்கு நேர்பிட் என்று இரண்டு வேண்டும். இரண்டு ரூட்டர்களில் மாட்டி வேலை செய்தால் ஒவ்வொன்றின் விலகலும் ஒவ்வொரு பக்கம் போய், பலகைகளின் விளிம்பு ஒன்றோடு ஒன்று சேராது. ஆகவே மையத்தைச் சரி செய்துதான் ஆகவேண்டும்.

முதலில் விலகல் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு பலகையில் நேர்ச்சட்டம் ஒன்றைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ரூட்டரில் 6 மி.மீ. நேர்பிட் மாட்டி, காலரைச் சட்டத்தில் ஒட்டி ஓட்டி, இரண்டு மி.மீ. ஆழத்துக்கு ஒரு காடி எடுங்கள். வெர்னியரால் அதன் அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சட்டத்தைத் தொடாமல், ரூட்டரை மட்டும் அரை வட்டம் திருப்பி, அதே காடியில் மறுபடி ஓட்டுங்கள். காடி எவ்வளவு அகன்றதோ அதில் பாதி உங்கள் விலகல். 6.1 இருந்தது 6.5 ஆகியிருந்தால் விலகல் 0.2. கால் வட்டம் திரும்பிய நிலையிலிருந்து தொடங்கி இதையே இன்னொரு முறை செய்யுங்கள். ஒரு திசையில் மறைந்திருக்கும் விலகல் இன்னொரு திசையில் வெளிப்படும்.

விலகல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அடித்தட்டைப் பிடிக்கும் திருகுகளிலிருந்து. தலை சரிந்து தட்டுக்குள் புதையும் கூம்புத்தலைத் திருகுகளை நினைத்துப் பாருங்கள். அவை இறுகும்போது, துளை எங்கே இருக்கிறதோ அங்கேயே தட்டை இழுத்து உட்கார வைத்துவிடும். தொழிற்சாலையில் துளை கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால், நீங்கள் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் தட்டு அதே தவறான இடத்துக்கே போகும். அதனால் அந்தத் திருகுகளை எடுத்துவிட்டு, அடிப்பக்கம் தட்டையாக உள்ள தலைத்திருகுகளை வாஷருடன் போடுங்கள். தட்டில் உள்ள துளைகளைத் திருகின் கனத்தைவிட ஒரு மி.மீ. பெரிதாக்குங்கள். தலை தட்டுக்கு வெளியே துருத்தாமல் இருக்கத் தட்டைப்படுகையாகக் குடைந்து கொடுங்கள். இப்போது தட்டுக்கு நகர இடம் கிடைத்துவிட்டது.

நகர்த்தி எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு மையக்கட்டை வேண்டும். ஒரு முனை, பிட்டின் காம்பைப் பிடிக்கும் காலெட்டுக்குள் போகும் அளவு. மறுமுனை காலரின் உள்துளைக்குள் ஆட்டமில்லாமல் வழுக்கிப் போகும் அளவு. திருகுகளைத் தளர்த்தி, கட்டையைக் காலர் வழியாகக் காலெட்டில் மாட்டி இறுக்குங்கள். தட்டு தானாக நடுவுக்கு வரும். அந்த நிலையிலேயே திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிளஞ்ச் ரூட்டராக இருந்தால், வேலை செய்யப்போகும் ஆழத்துக்கு இறக்கிப் பூட்டிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். அதன் இரண்டு தண்டுகளிலும் சிறிது ஆட்டம் இருக்கும் என்பதால் மேலே வைத்து மையம் பார்த்தால் கீழே மாறிவிடும். கூம்பு வடிவ மையக்கட்டை கடையிலும் விற்கிறது. கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். நீங்கள் இருக்கும் ஊர் அப்படி.

இந்தத் திருச்சியைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். காவிரிப் பாலத்தைத் தாண்டி அரியமங்கலம், திருவெறும்பூர், துவாக்குடி என்று போனால் வழியெங்கும் லேத் பட்டறைகள். 1928-இல் நாகப்பட்டினத்து ரயில்வே பட்டறை பொன்மலைக்கு வந்தது. 1965-இல் திருவெறும்பூரில் பெல் என்ற பாய்லர் ஆலை வந்தது. அதைச் சுற்றித் துணைத்தொழில்கள் வளர்ந்தன. நூறில் ஒரு மி.மீ. அளவைத் தினசரி பேச்சாகப் பேசும் டர்னர்கள் இந்த ஊரில் ஏராளம். பாய்லர் உதிரிபாகம் செய்யும் அந்தக் கைகளுக்கு உங்கள் காலர் ஒரு காலைநேர வேலை. அப்படியிருந்தும் நம் தச்சர்கள் காலர் கிடைக்கவில்லை, அளவு சேரவில்லை, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று வேலையை நிறுத்தி வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. மர வேலையும் இரும்பு வேலையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒன்றையொன்று கேட்காமல் இருக்கின்றன.

முன்பு அப்படி இல்லை. ஒரு கோயில் தேரைச் செய்து முடிக்கத் தச்சரும் வேண்டும், கொல்லரும் வேண்டும். மர அடுக்குகளைக் கழுந்தும் துளையுமாகக் கோப்பது ஒருவர். அச்சும் பட்டையும் அடித்துக் கொடுப்பது இன்னொருவர். அளவைப் பேசிக்கொள்ளாமல் இருவராலும் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. நம் காலத்திலும் அதற்குச் சாட்சி இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் செய்துகொடுத்தது திருச்சி பெல். பாய்லர் ஆலையின் பொறியாளர்களும் தேர்த் தச்சர்களும் சேர்ந்து நின்றதால்தான் அத்தனை பெரிய மரத்தேர் இன்று கட்டுப்பாட்டோடு வீதி திரும்புகிறது. தேருக்கு முடிந்தது இழுப்பறைக்கும் முடியும்.

ஆகவே டர்னரிடம் போங்கள். என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். உங்கள் ஜிக்குக்கு எந்தக் காலர் என்று அதன் கையேட்டில் இருக்கும். அரை அங்குல, 14 டிகிரி பிட்டோடு வரும் ஜிக்குகள் பலவற்றுக்கு 7/16 அங்குலக் காலர்; தச்சர் கணக்கில் மூன்றரை நூல், மி.மீ. கணக்கில் 11.11. இதை 11 என்று சுருக்கிவிடாதீர்கள். காலர் 0.11 குறைந்தால் வால் பக்கத்து வெட்டும் 0.11 அகலும், குழியும் 0.11 அகலும், மூட்டு மொத்தம் 0.22 தளர்ந்துவிடும். வெளிவிட்டம் 11.11, கூடக்குறைய 0.02-க்குள் என்று எழுதிக் கொடுங்கள்.

அதைவிட முக்கியமான நிபந்தனை ஒன்று. உள்துளையையும் வெளிவிட்டத்தையும் ஒரே பிடிப்பில் கடைய வேண்டும். ஒன்றைக் கடைந்துவிட்டு லேத்தின் சக்கிலிருந்து கழற்றித் திருப்பிப் பிடித்து மற்றதைக் கடையக் கூடாது. மையக்கட்டை உட்காருவது உள்துளையில், விரலை உரசுவது வெளிப்பக்கம். இரண்டுக்கும் ஒரே மையம் இல்லையென்றால் நீங்கள் செய்த சரிபார்ப்பு எல்லாம் வீண். மையக்கட்டையின் இரு படிகளுக்கும் இதே விதி. பித்தளையில் செய்யச் சொல்லுங்கள். தப்பித்தவறி பிட் உரசினாலும் கார்பைடு முனை உடைவதற்கான வாய்ப்பு குறையும்.

காலர் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் ஜிக் விரல்களின் கனத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். விரல்களின் கனம் 6 மி.மீ. என்றால் காலர் 5 மி.மீ. போதும். நீண்டுவிட்டால் அதன் நுனி மரத்தில் இடித்து, ரூட்டரின் அடித்தட்டு ஜிக்கின் மேல் சமமாக உட்காராது. நீளத்தைக் குறைக்க நுனியை அரத்தால் ராவலாம். வெளிச்சுற்றில் மட்டும் அரம் படவே கூடாது.

உங்கள் ரூட்டரின் அடித்தட்டில் காலர் உட்கார இடமே இல்லையென்றாலும் வழி உண்டு. 6 மி.மீ. ஹைலம் ஷீட்டில் ஒரு துணைத்தட்டு செய்துகொள்ளலாம். திருகுவளையத்தோடு வரும் இரண்டு துண்டு பித்தளைக் காலர்களுக்கு, நடுவில் 30.2 மி.மீ. துளையும், அதன் விளிம்பில் 35 மி.மீ. அகலத்துக்குக் காலரின் உதட்டுக் கனம் அளவுக்கு ஒரு படியும் வேண்டும். இதையும் லேத்திலேயே குடையச் சொல்லுங்கள். இந்த வகைக் காலரில் கவனிக்க வேண்டியது வளையம். ரூட்டரின் அதிர்வில் அது மெல்லத் தளரும். வளையத்துக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் ஓரிங் போட்டால் பிடிப்பு நிற்கும். ஒவ்வொரு பலகைக்கு முன்பும் விரலால் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மாட்டும் வரிசைக்கு வருகிறேன். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். காலரை மாட்டி மையம் பாருங்கள். அதன்பிறகுதான் பிட். அரை அங்குல டவ்டெயில் பிட்டின் தலை காலரின் துளையைவிடப் பெரியது. அதனால் கீழிருந்து காம்பை மட்டும் காலர் வழியாக ஏற்றிக் காலெட்டுக்குள் விடவேண்டும். காம்பு அடிவரை போய் முட்டியபின் இரண்டு மி.மீ. வெளியே இழுத்து இறுக்குங்கள். கால் அங்குலக் காம்பு 6.35 மி.மீ.; அதை 6 மி.மீ. காலெட்டில் திணிப்பதும், 6 மி.மீ. காம்பை கால் அங்குலக் காலெட்டில் இறுக்குவதும் ஆபத்து. உங்கள் ஜிக் அனுமதித்தால் 8 மி.மீ. காம்புள்ள பிட்டை வாங்குங்கள். 11.11 காலருக்குள் அது தாராளமாகப் போகும், வளைவும் அதிர்வும் குறையும். எல்லாம் இறுக்கியபின் பிட்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கும் உரசவில்லை என்று தெரிந்த பிறகே மின்சாரம்.

வெட்டும்போது இரண்டு விதிகள். டவ்டெயில் பிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வெட்ட முடியாது. முழு ஆழத்தையும் ஒரே தடவையில் வைக்க வேண்டும். வெட்டு முடிந்ததும் ரூட்டரை மேலே தூக்கவும் கூடாது. பிட்டின் அடிப்பக்கம் அகலமானது. தூக்கினால் மரமும் போகும், ஜிக்கின் விரலும் போகும், பிட்டும் போகும். சுவிட்சை அணைத்து, சுழற்சி முழுதாக நின்றபின், உங்களை நோக்கி இழுத்து வெளியே எடுங்கள்.

உங்கள் மரம் பழைய தேக்கு என்பதால் இன்னும் சில வார்த்தைகள். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா உண்டு. அது பிட்டின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும். கார்பைடு பிட்டையே பயன்படுத்துங்கள். உத்தரத்துக்குள் பழைய ஆணி முறிந்து கிடக்கலாம். வெட்டுமுன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். கையால் வெட்டும் தச்சர்கள் கடினமான மரத்துக்கு எட்டுக்கு ஒன்று, மென்மையான மரத்துக்கு ஆறுக்கு ஒன்று என்று சரிவு வைப்பார்கள். ஜிக்கின் 14 டிகிரி கிட்டத்தட்ட நாலுக்கு ஒன்று. அந்தச் சரிவில் உலர்ந்த பழந்தேக்கின் ஓரம் எளிதில் தெறிக்கும். அதற்காக முதலில் வலமிருந்து இடமாக, பலகையின் முகத்தை மெல்லத் தொட்டபடி ஓர் ஓட்டம் ஓட்டி நாரை அறுத்துவிடுங்கள். அதன்பின் இடமிருந்து வலமாக ஒவ்வொரு விரலிடைக்குள்ளும் போய்வாருங்கள். அந்த முதல் ஓட்டத்தில் ரூட்டர் தானே ஓடப் பார்க்கும். இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, மிக மெல்லிய வெட்டாக எடுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். தோளில் துண்டு வேண்டாம்.

மையம் சரியாகிவிட்டதென்றால் இனி எல்லா வால்களும் ஒரே மாதிரி வரும். அப்போதுதான் ஆழத்தைத் தொட வேண்டும். மூட்டு தளர்வாக இருந்தால் பிட்டைக் கூடுதலாக இறக்குங்கள், இறுக்கமாக இருந்தால் ஏற்றுங்கள். 14 டிகிரி பிட்டை 0.4 மி.மீ. இறக்கினால் மூட்டு சுமார் 0.2 மி.மீ. இறுகும் என்பது கணக்கு. மையம் பார்க்காமல் ஆழத்தோடு மல்லுக்கட்டினால் ஒரு வாலைச் சரி செய்யும்போது இன்னொன்று கெடும். உத்தரத் தேக்கில் சோதனை வேண்டாம். அதே கனமுள்ள ரப்பர் மரத் துண்டுகளில் பாருங்கள். கைவிசையால் பாதி இறங்கி, மீதிக்குக் கொட்டாப்புளியின் லேசான தட்டு கேட்கும் பொருத்தம்தான் சரி. பசை பட்டால் மரம் சற்று உப்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறீர்கள். அக்னி நட்சத்திரத்தில் காயும் பலகை ஐப்பசி, கார்த்திகை மழையில் அகலும். டவ்டெயிலுக்கு அதனால் கெடுதல் இல்லை. இரண்டு பலகைகளும் உயரவாக்கில் ஒன்றாகவே விரியும், ஒன்றாகவே சுருங்கும். இழுப்பறைக்கும் அலமாரிக்கும் நடுவில் மேல்பக்கம்தான் இடம் வேண்டும். இப்போது கோடையில் செய்கிறீர்கள் என்றால் இரண்டு, மூன்று மி.மீ. விட்டுச் செய்யுங்கள், மழைக்காலத்திலும் இழுக்க வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டர்னரிடம் போகும்போது ரூட்டரையும் ஜிக்கையும் உங்கள் கோணல் மூட்டுகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். காலர் எதை உரசுகிறது, பிட் எதை வெட்டுகிறது என்று அவர் கண்ணால் பார்த்துவிட்டால், நீங்கள் கேட்காத நல்ல யோசனைகளையும் அவரே சொல்வார். காலரும் மையக்கட்டையும் ஒன்றுக்கு இரண்டு செட்டாகக் கடைந்து வாங்குங்கள். இரண்டாவதற்கு ஆகும் கூலி குறைவுதான். அந்தச் செட்டை உங்கள் பகுதியில் ரூட்டர் வைத்து வேலை செய்யும் ஓர் ஆசாரியிடம் கொடுத்து, காடி எடுத்து மையம் பார்க்கும் முறையையும் செய்து காட்டுங்கள். கையில் நல்ல தொழில் இருந்தும், இந்த ஒரு சிறு விஷயம் தெரியாததால் ஜிக்கை மூலையில் போட்டு வைத்திருப்பவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அரியமங்கலத்துக்குப் போகும் வழியையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

முதல் இழுப்பறை முடிந்ததும் காடியின் இரண்டு அளவுகளையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்